ரேக் தொங்கும் பத்து விநாடி: துவாஸ் முலாம் பட்டறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரின் தொழிற்பேட்டைப் பகுதியான துவாஸில் நான் வேலை பார்க்கும் முலாம் பட்டறைக்குக் குழாய்த் தலைகளும் கதவுக் கைப்பிடிகளும் இயந்திரங்களின் சிறு பாகங்களும் வந்திறங்கும். எண்ணெய் நீக்கி, அமிலத்தில் முக்கி, நிக்கல் பூசி, சிலவற்றுக்கு அதன் மேல் மெல்லிய குரோம் ஏற்றி அனுப்புவோம். தொட்டிகள் வரிசையாக இருக்கும் இடத்தை லைன் என்போம். அதில் நிற்பவர்கள் பெரும்பாலும் புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்கள். கரைசல்களைச் சோதித்துச் சரிசெய்வதும் கழிவுநீர் அறையைக் கவனிப்பதும் என் வேலை.

இந்தப் பட்டறை கழிவைக் குறைத்த விதத்தை முழுதாக எழுதக் காரணம் இருக்கிறது. கோயம்புத்தூரிலும் அம்பத்தூரிலும் ஓசூரிலும் இதே தொட்டிகளோடு எத்தனையோ பட்டறைகள் ஓடுகின்றன. இங்கே, சாமான்களை மாட்டித் தொட்டியில் முக்கும் சட்டமான ரேக்கைத் தூக்கும் தம்பிகளில் சிலர் நாளை ஊருக்குப் போய் அப்படியொரு பட்டறையை நடத்தப்போகிறவர்கள். அவர்களுக்குப் பயன்பட வேண்டும். பட்டறையின் பில் தொகைகளைப் பொதுவில் வைக்க முதலாளிக்கு விருப்பமில்லை, அது நியாயம்தான். ஆகவே கணக்குகளை ஒரு மாதிரி லைனுக்குப் போட்டுக் காட்டுகிறேன். வாய்பாடு ஒன்றுதான், அவரவர் எண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி எங்கிருந்து வந்தது

2022 மார்ச் 8-ஆம் தேதி லண்டன் உலோகச் சந்தையில் நிக்கல் விலை டன்னுக்கு ஒரு லட்சம் அமெரிக்க டாலரைத் தாண்டியது. உக்ரேன் போர் தொடங்கியிருந்த நேரம். ரஷ்யா பெரிய நிக்கல் உற்பத்தியாளர். சந்தை வர்த்தகத்தையே நிறுத்தி, அன்று நடந்த பேரங்களை ரத்து செய்தது. விலை பிறகு இறங்கிவிட்டது. ஆனால் அதுவரை மூட்டையாக வந்து தொட்டியில் கொட்டப்பட்டுவந்த நிக்கல் உப்பைப் பற்றி எங்கள் முதலாளி முதன்முறையாகக் கேட்டார்: வாங்கும் நிக்கலில் எவ்வளவு சாமான் மேல் ஏறிப் போகிறது, மிச்சம் எங்கே?

அதே சமயத்தில் கழிவுநீர் அறையும் திணறிக்கொண்டிருந்தது. கழிவுச் சேற்றிலிருந்து தண்ணீரைப் பிழிந்தெடுக்கும் ஃபில்டர் பிரஸ் ஓயாமல் ஓடியது. பெரிய சுத்திகரிப்பு யூனிட் ஒன்று வாங்கும் யோசனை மேசையில் இருந்தது. வாங்கியிருந்தால் பிரச்சினை கண்ணுக்கு மறைந்திருக்கும், அதே நிக்கலை இன்னும் விரைவாகச் சேறாக்கித் தள்ளியிருப்போம். முதலாளியின் கேள்வியைப் பிடித்துக்கொண்டு எதிர்த் திசையில், அதாவது கழிவு அறையிலிருந்து லைனை நோக்கி, நடந்து பார்க்கலாம் என்று கேட்டேன். அனுமதி கிடைத்தது.

இப்படிப் பார்ப்பது புதிய கண்டுபிடிப்பில்லை. 3எம் நிறுவனம் 1975-லேயே, மாசைத் தடுத்தால் காசு மிஞ்சும் என்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 1989-இல் இதற்குத் தூய்மை உற்பத்தி என்று பெயர் கொடுத்து உலகெங்கும் கொண்டுபோனது. கழிவு வந்த பிறகு சுத்தம் செய்வதைவிட வராமலே பார்த்துக்கொள்வது என்பதே சாரம். கேட்கும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். செய்யும்போதுதான் எந்த இடத்தில் வராமல் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி எழும்.

கழிவு பிறக்கும் இடம்

முலாம் பட்டறையில் அந்த இடம் மிகத் துல்லியமானது. ரேக் தொட்டியை விட்டு மேலே வரும் சில விநாடிகள்தான் அது. சாமான்களின் மேல் கரைசல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு வரும், குழிகளில் தேங்கி வரும். பட்டறையில் இதை டிராக்-அவுட் என்போம். அடுத்த அலசுத் தொட்டிக்குப் போகும் அந்தக் கரைசல்தான் பிறகு கழிவுநீர் என்று பெயர் வாங்குகிறது. அந்த விநாடிக்கு முன்வரை அது காசு கொடுத்து வாங்கிய சரக்கு.

நாங்கள் பயன்படுத்துவது வழக்கமான வாட்ஸ் கரைசல்: நிக்கல் சல்பேட், நிக்கல் குளோரைடு, போரிக் அமிலம். 55 முதல் 60 டிகிரி சூட்டில் ஓடும். லிட்டருக்கு 70 கிராம் நிக்கல் உலோகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

டிராக்-அவுட்டை அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். நிக்கல் தொட்டிக்கு அடுத்த அலசுத் தொட்டியில் சுத்தமான தண்ணீரை நிரப்பி, குழாயை மூடிவிட வேண்டும். எண்ணிக்கை வைத்து ரேக்குகளை அதில் முக்கியெடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரில் எவ்வளவு நிக்கல் சேர்ந்தது என்று உலோகத்தின் அளவைக் காட்டும் வழக்கமான வேதிச் சோதனையான ஈடிடிஏ டைட்ரேஷனில் பார்த்தால் போதும். தொட்டி 400 லிட்டர், 50 ரேக் போன பிறகு லிட்டருக்கு 0.35 கிராம் நிக்கல் என்றால், மொத்தம் 140 கிராம். அது 2 லிட்டர் கரைசலுக்குச் சமம். ஆக ஒரு ரேக் 40 மில்லிலிட்டர் எடுத்துப் போகிறது. மணிக்கு 25 ரேக் தூக்கும் லைனில் அது ஒரு லிட்டர்.

ஒரு லிட்டர்தானே என்று தோன்றும். நாளுக்கு 10 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடும் லைனில் அது 210 கிலோ நிக்கல் உலோகம். இந்த நிக்கலைக் காஸ்டிக் சோடா போட்டு ஹைட்ராக்சைடாகப் படியவைத்துப் பிழிந்தெடுக்கிறோம். ஒரு கிலோ நிக்கல் 1.58 கிலோ ஹைட்ராக்சைடாகும். ஃபில்டர் பிரஸ்ஸில் வரும் சேற்றில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர்தான் இருக்கும். திடப்பொருள் 30 விழுக்காடு என்று வைத்தால், ஒரு கிலோ நிக்கல் 5 கிலோவுக்கு மேல் சேறாகிறது. 210 கிலோ நிக்கல் ஒரு டன்னைத் தாண்டிய சேறாகி (பட்டறையில் இதை ஸ்லட்ஜ் என்போம்) பைகளில் உட்காருகிறது.

நிக்கலை வாங்க ஒரு காசு. அதைத் தண்ணீரிலிருந்து பிரிக்கக் காஸ்டிக்குக்கும் மின்சாரத்துக்கும் ஆள் கூலிக்கும் இன்னொரு காசு. சேற்றை எடுத்துப்போக உரிமம் பெற்ற நச்சுக் கழிவு நிறுவனத்துக்கு மூன்றாவது காசு. மூன்றும் வெவ்வேறு கணக்கில் எழுதப்படுவதால் ஒரே பொருளுக்கு மூன்று முறை கட்டுகிறோம் என்பது எந்தக் கணக்கிலும் தெரிவதில்லை. என் அனுபவத்தில் பட்டறைகளில் மாற்றம் வராததற்கு முதல் காரணம் இதுதான். கொள்முதல் ஒருவர் கையில், தண்ணீர் பில் அலுவலகத்தில், ஸ்லட்ஜ் பில் இன்னொரு கோப்பில். குழாயைத் திறக்கும் கை மட்டும் லைனில்.

இந்தத் தீவில் சாக்கடை முடிவதில்லை

தண்ணீர்க் கணக்கைச் சொல்வதற்கு முன் சிங்கப்பூரின் நிலைமையைச் சொல்லியாக வேண்டும். இங்கே தண்ணீர் நான்கு வழிகளில் வருகிறது: உள்ளூர் நீர்த்தேக்கங்கள், ஜொகூரிலிருந்து வாங்குவது, புதுநீர், கடல்நீரைக் குடிநீராக்குவது. ஜொகூர் ஒப்பந்தம் 1962-இல் கையெழுத்தானது, 2061-இல் முடிகிறது. நாட்டின் தண்ணீர்த் தேவையில் பாதிக்கு மேல் வீடல்லாத துறைகளுடையது.

புதுநீர் 2003 முதல் ஆலைகளுக்கு வருகிறது. கழிவுநீரை நுண்வடிகட்டி, எதிர் சவ்வூடுபரவல், புற ஊதாக் கதிர் என்று கடத்திச் சுத்தமாக்கிய தண்ணீர் அது. மின்னணுச் சில்லு ஆலைகள் அதைப் பெரிதும் நம்பியிருக்கின்றன, ஒரு பகுதி நீர்த்தேக்கங்களிலும் கலக்கப்படுகிறது. ஆகவே எங்கள் லைனிலிருந்து சாக்கடைக்குப் போகும் தண்ணீர் கடலோடு போய் மறைந்துவிடுவதில்லை. தரைக்கடியில் ஓடும் ஆழ்சுரங்கக் குழாய்கள் வழியாக மீட்பு ஆலைக்குப் போய், திரும்பி வருகிறது. அதனால்தான் பொதுக் கழிவுநீர்க் குழாயில் விடும் தொழிற்சாலை நீருக்கு வரம்புகள் கறாராக உள்ளன. நிக்கல் லிட்டருக்கு 10 மில்லிகிராம், குரோமியம் 5 மில்லிகிராம், அமில-கார அளவான பிஎச் 6-க்கும் 9-க்கும் இடையில். நல்ல தண்ணீரைக் கலந்து நீர்க்கவைத்து வரம்புக்குள் கொண்டுவரவும் கூடாது. இந்த விதியை முழு மனதோடு ஆதரிக்கிறேன். நொய்யலைப் பார்த்தவர்கள் எவரும் ஆதரிப்பார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நிலை வரை போனதற்கு முன்னால் எத்தனை ஆண்டுகள் அந்த ஆறு நிறம் மாறி ஓடியது என்பது கொங்குப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும்.

விலையும் ஏறுகிறது. வீடல்லாத பயன்பாட்டுக்கு, வரியும் கழிவுநீர்க் கட்டணமும் சேர்த்து, ஒரு கன மீட்டர் 2.74 சிங்கப்பூர் வெள்ளியாக இருந்தது. 2024 ஏப்ரலில் 2.94 ஆகி, 2025 ஏப்ரலில் 3.24 வெள்ளி ஆகியிருக்கிறது. ஸ்லட்ஜுக்கும் இடம் சுருங்குகிறது. உலோகச் சேற்றை எரித்து இல்லாமலாக்க முடியாது. உலோகத்தை மீட்பவரிடம் கொடுக்க வேண்டும், இல்லையேல் நிலைப்படுத்திப் புதைக்க வேண்டும். 1999 முதல் நாட்டின் ஒரே குப்பை நிரப்பிடமாக இருக்கும் செமக்காவ் தீவு 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது அரசின் கணிப்பு.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆண்டுக்கு 60,000 கன மீட்டர் அல்லது அதற்கு மேல் தண்ணீர் எடுக்கும் இடங்கள் 2015 முதல் பொதுப் பயனீட்டுக் கழகத்துக்குத் தண்ணீர் நிர்வாகத் திட்டம் தர வேண்டும். கரிம வரி ஆண்டுக்கு 25,000 டன் பசுமைக்குடில் வாயு வெளியிடும் ஆலைகளில் தொடங்குகிறது. எங்களைப் போன்ற சிறு பட்டறைகள் இந்த வலைகளில் எதிலும் விழுவதில்லை. கழிவுநீர் வரம்பை மீறாதவரை, எவ்வளவு தண்ணீரை எடுத்தாய், ஏன் எடுத்தாய் என்று கேட்க ஆளில்லை. அதனால் எங்களைப் போன்றவர்களிடம் இந்த மாற்றம் சொந்தக் கணக்கிலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது.

எதை முதலில் குறைப்பது

பலர் தண்ணீரை முதலில் குறைக்கப் போவார்கள். அது சிக்கலில் முடியும். காரணம் எளிது: அலசும் தண்ணீரைக் குறைத்தால் வெளியேறும் நிக்கலின் அளவு ஒரு கிராமும் குறையாது. அதே நிக்கல் குறைந்த தண்ணீரில் அடர்த்தியாக வரும். வரம்போ லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று இருக்கிறது. சுத்திகரிப்பு அறை தயாராக இல்லாவிட்டால் நல்லது செய்யப்போய் விதியை மீறியவர்களாவோம். ஆகவே வரிசை இப்படி: முதலில் கரைசல் வெளியே போவதைக் குறை, பிறகு போனதைத் திரும்பக் கொண்டுவா, கடைசியில் தண்ணீரில் கை வை.

முதல் படிக்குக் காசே ஆகவில்லை என்று சொல்லலாம். ரேக்கைத் தொட்டிக்கு மேலேயே பத்து விநாடி தொங்கவிட்டால் ஒட்டியிருப்பதில் பெரும் பங்கு வழிந்து தொட்டிக்கே திரும்பிவிடும். இதை எழுதி ஒட்டியிருந்த தாள் பட்டறைச் சுவரில் ஏற்கனவே இருந்தது. யாரும் செய்யவில்லை. ஏனென்றால் எங்கள் லைனில் ரேக்கைத் தூக்குவது கை. பத்து கிலோ ரேக்கை நீட்டிய கையில் பத்து விநாடி பிடித்திருப்பதை, அதுவும் சூடான தொட்டி ஆவியில், நாள் முழுக்க எவராலும் செய்ய முடியாது. தொழிலாளி சோம்பேறி என்று சொல்லிக் கடந்துபோவது அநியாயம். தொட்டிக்கு மேலே குறுக்காக ஒரு கம்பி போட்டோம். ரேக்கை அதில் மாட்டிவிட்டு அடுத்ததை எடுக்கலாம், அதற்குள் முதலாவது வழிந்து முடியும். தாள் சொல்லியும் நடக்காதது கம்பி போட்டதும் நடந்தது. தொட்டிகளுக்கு இடையே சாய்வான பலகைகளும் வைத்தோம், சொட்டுவது தரையில் விழாமல் தொட்டிக்கே வழிந்தோடும்படி.

லைன் மெதுவாகிவிடும் என்ற பயம் உற்பத்திப் பக்கத்தில் இருந்தது. நிக்கல் தொட்டியில் சாமான் பல நிமிடங்கள் இருக்கிறது. லைனின் வேகத்தைத் தீர்மானிப்பது அந்த நிமிடங்கள்தான். வெளியே தொங்கும் விநாடிகள் அதற்குள் அடங்கிவிடும்.

அடுத்தது தொங்கவிடும் கோணம். இதைக் கற்றுத்தந்தவர் லைனில் மூத்தவரான அறந்தாங்கிக்காரர். கிண்ணம் போன்ற மூடிகளை வாய் மேலே இருக்கும்படி மாட்டினால் ஒவ்வொன்றும் கரைசலை மொண்டுகொண்டு வரும். குப்புற மாட்டினாலோ உள்ளே வாயு அடைபட்டு அங்கே முலாம் ஏறாது. “ரெண்டும் வேண்டாம்ணே, சாய்ச்சு மாட்டணும். கொக்கிய கொஞ்சம் வளைச்சாப் போதும்” என்றார். எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்டேன். “வந்த புதுசுலயே தெரியும். சொல்றதுக்கு யாரும் கேக்கலையே அண்ணே.” ரேக்குகளின் கொக்கிகளை அவர் சொன்னபடி மாற்றினோம். ஒரு பாகத்துக்கு, வெளியே தெரியாத இடத்தில் சிறு துளை போடலாமா என்று வாடிக்கையாளரிடம் கேட்டபோது அவரும் ஒத்துக்கொண்டார். எந்தச் சாமான் எவ்வளவு கரைசலைத் தூக்குகிறது என்ற அறிவு அந்தக் கைகளில் இருந்தது, என்னுடைய டைட்ரேஷன் அதற்கு எண் மட்டும் கொடுத்தது.

திரும்பக் கொண்டுவருவது

எவ்வளவு வழியவிட்டாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் போகும். அதைப் பிடிக்க நிக்கல் தொட்டிக்கு அடுத்து, தண்ணீர் ஓடாத தொட்டி ஒன்றை வைத்தோம். எல்லா ரேக்கும் முதலில் அதில் முங்கும். நிக்கல் தொட்டி சூடாக இருப்பதால் மணிக்குச் சில லிட்டர் ஆவியாகிக் குறையும். அந்தக் குறைவைக் குழாய்த் தண்ணீரால் நிரப்பாமல், இந்தத் தொட்டி நீரால் நிரப்பினால் வெளியேறிய நிக்கல் வீடு திரும்புகிறது.

கணக்கு அழகானது. மணிக்கு 1 லிட்டர் டிராக்-அவுட், 4 லிட்டர் ஆவியாதல் என்று வைப்போம். ஓடாத தொட்டியில் நிக்கலின் அடர்த்தி உயர்ந்து, மூலக் கரைசலின் ஐந்தில் ஒரு பங்கில் நிற்கும். வந்த நிக்கலில் ஐந்தில் நான்கு பங்கு திரும்பிவிடும், ஒரு பங்குதான் முன்னே போகும். ஆவியாதல் கூடக் கூடத் திரும்புவது கூடும்.

ஒரு நுணுக்கம்: நிக்கலுக்குள் போகும் ரேக்கும் ஈரமாகத்தான் போகிறது. அது சுத்தத் தண்ணீரைக் கொண்டுபோய்த் தொட்டியில் சேர்த்தால், ஆவியாகி உண்டான இடத்தை அந்தத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். அதனால் நிக்கலுக்கு முன்னும் பின்னும் அதே ஓடாத தொட்டியில் முக்குகிறோம். உள்ளே போகும்போதே கொஞ்சம் நிக்கலைச் சுமந்து போகிறது.

தண்ணீர்

இப்போது தண்ணீருக்கு வரலாம். கடைசி அலசலில் நிக்கல் லிட்டருக்கு 70 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வைத்தால் (இது சாமான் சுத்தமாக வருவதற்கான அளவு, சுத்திகரித்து வெளியே விடும் வரம்பு அல்ல), 70 கிராமை ஆயிரம் மடங்கு நீர்க்கச் செய்ய வேண்டும். ஒரே ஓடும் தொட்டியில் இதைச் செய்ய, ஒரு லிட்டர் டிராக்-அவுட்டுக்கு ஆயிரம் லிட்டர் தண்ணீர் வேண்டும். நாளுக்கு 10 கன மீட்டர், 32 வெள்ளி 40 காசு.

தொட்டிகளை இரண்டாக்கி, தண்ணீரைச் சாமானுக்கு எதிர்த் திசையில் ஓடவிட்டால், அதாவது நல்ல தண்ணீர் கடைசித் தொட்டியில் நுழைந்து முதல் தொட்டி வழியே வெளியேறினால், ஆயிரத்தின் வர்க்கமூலம் போதும்: சுமார் 32 லிட்டர். மூன்று தொட்டியென்றால் 10 லிட்டர். அரிசி களையும்போது இரண்டாம் முறை களைந்த தண்ணீரை அடுத்த படி அரிசியின் முதல் களைவுக்கு வைத்துக்கொள்வதைப் போன்றது இது.

எங்களுக்கு மூன்று ஓடும் தொட்டிக்கு இடமில்லை. துவாஸில் தரைப்பரப்பின் வாடகையைத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். ஓடாத தொட்டி ஒன்று, அதற்குப் பின் எதிரோட்டத் தொட்டி இரண்டு என்று நிறுத்தினோம். மாதிரிக் கணக்கில் ஓடாத தொட்டியே அடர்த்தியை ஐந்தில் ஒன்றாக்கிவிட்டதால், மிச்சம் 200 மடங்குதான் நீர்க்கச் செய்ய வேண்டும். அதன் வர்க்கமூலம் 14. மணிக்கு ஆயிரம் லிட்டர் ஓடிய இடத்தில் 14 லிட்டர்.

நடைமுறையில் அந்த அளவுக்கு இறங்கவில்லை. தொட்டியில் கலக்கல் சரியாக இருக்காது, சில ரேக்குகள் அவசரத்தில் போகும், அதனால் கூடுதலாகவே ஓடவிடுகிறோம். இருந்தாலும் முன்பு கண்ணால் பார்க்கும்படி கொட்டிய குழாய் இப்போது, தண்ணீரில் உப்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் கடத்துதிறன் மானி சொன்னால் மட்டும் திறந்து மூடுகிறது. இந்த மானி வருமுன் குழாயைத் திருகுவது தொழிலாளியின் ஊகத்தில் இருந்தது. சாமான் கறையோடு போனால் திட்டு அவருக்குத்தான் விழும், தண்ணீர் வீணானால் அவரை யாரும் கேட்கப்போவதில்லை. அந்த இடத்தில் யார் நின்றாலும் முழுக்கத் திறந்துதான் வைப்பார்கள். லைனுக்கென்று தனியாக ஒரு தண்ணீர் மீட்டரும் வைத்து, எண்ணை லைன் பலகையில் எழுதத் தொடங்கினோம்.

சின்னதாக இன்னொன்றும் செய்தோம். அமிலத் தொட்டிக்குப் பின்னால் அலசிய தண்ணீரை வீணாக்காமல், எண்ணெய் நீக்கும் காரத் தொட்டிக்குப் பின்னுள்ள அலசலுக்குத் திருப்பிவிட்டோம். லேசான அமிலம் காரப் பிசுபிசுப்பை நன்றாகவே எடுக்கிறது. ஒரே தண்ணீர் இரண்டு வேலை.

கூடவே வந்த தொந்தரவுகள்

நிக்கலைத் திரும்பக் கொண்டுவரும்போது அழுக்கும் திரும்பி வருகிறது. முன்பு டிராக்-அவுட்டோடு சேர்ந்து தாமிரமும் துத்தநாகமும், முலாம் பளபளக்கச் சேர்க்கும் பிரைட்னர் சிதைந்ததும் தாமாக வெளியேறிக்கொண்டிருந்தன. வழியை அடைத்ததும் அவை தொட்டியிலேயே சேர்ந்தன. கைப்பிடிகளின் உள்வளைவுகளில், மின்னோட்டம் குறைவாகப் படும் இடங்களில், கருமை தட்டியது. தரப் பரிசோதனைப் பக்கத்திலிருந்து பழைய முறைக்கே போய்விடலாம் என்ற குரல் வந்தது. நெளித்த தகட்டை மாட்டிக் குறைந்த மின்னோட்டத்தில் ஓடவிட்டால் தாமிரமும் துத்தநாகமும் அதில் படியும், கரிவடிகட்டியில் கடத்தினால் சிதைந்த பிரைட்னர் போகும். இதை முறையாகச் செய்யத் தொடங்கினோம். தொட்டியடியில் விழுந்து கிடந்த பித்தளைச் சாமான்களை ஷிப்டு முடிவில் எடுத்துவிடுவது எல்லாவற்றையும்விடப் பயன் தந்தது. அவை கரைந்துதான் பாதிப் பிரச்சினை. குழாய்த் தண்ணீரின் கால்சியமும் இப்படியே சேரும், எனவே நிக்கல் தொட்டிக்குள் போய்ச் சேரும் தண்ணீரெல்லாம் உப்பு நீக்கியதுதான்.

பத்து விநாடிக்கும் ஒரு எல்லை உண்டு. நிக்கல் பூசிய சாமான் காற்றில் அதிக நேரம் நின்று காய்ந்தால் அதன் மேற்பரப்பு மந்தமாகிவிடும், பிறகு குரோம் சரியாக ஏறாமல் வெளிறித் தெரியும். குரோமுக்குப் போகும் ரேக்குகளைக் கம்பியில் மறந்துவிடக் கூடாது. நிக்கல் தொட்டிக்கு மேலேயே பனித்தூறல் போலத் தெளிக்கும் ஒரு குழாயை வைத்தது இதற்கு உதவியது. அந்தத் தண்ணீரும் ஆவியாதல் கணக்கில் அடங்குகிறது.

சூட்டை மிச்சப்படுத்தத் தொட்டியை மூடிவைக்கும் யோசனையிலும் முரண் இருந்தது. மூடினால் மின்சாரம் மிஞ்சும், ஆனால் ஆவியாதல் குறைந்து திரும்பிவரும் நிக்கலுக்கு இடமில்லாமல் போகும். இரவில், லைன் நிற்கும்போது மட்டும் மூடுகிறோம். பக்கச் சுவர்களுக்கு வெப்பக்காப்பு போட்டாயிற்று.

இன்றைய நிலை

பெரிய சுத்திகரிப்பு யூனிட்டை வாங்கவில்லை. இருந்த யூனிட்டே இப்போது அவசரமில்லாமல் ஓடுகிறது. வரும் தண்ணீர் அளவில் குறைவு, அடர்த்தியில் கூடுதல் என்பதால், சேர்த்துவைத்துத் தொகுதி தொகுதியாகச் சுத்திகரித்து, சோதித்துப் பார்த்த பிறகுதான் வெளியே விடுகிறோம். ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரை ஓட்டத்திலேயே பிடித்துச் சுத்தம் செய்யும் பதற்றம் இல்லை. ஸ்லட்ஜ் லாரி முன்பைவிட நீண்ட இடைவெளியில் வருகிறது, காஸ்டிக் ஆர்டரும் நிக்கல் உப்பு ஆர்டரும் இறங்கியிருக்கின்றன. எனக்கு அதிக மகிழ்ச்சி தந்தது தரை. முன்பு லைன் முழுக்க ஈரம், வழுக்கல், பூட்ஸுக்குள் கரைசல். இப்போது தரை காய்ந்திருக்கிறது, கையில் நிக்கல் அரிப்பு என்று வரும் தம்பிகளும் குறைந்துவிட்டார்கள்.

செய்ய முடியாததும் உண்டு. சாதாரண வெப்பத்தில் ஓடும் தொட்டிகளில் ஆவியாதல் இல்லாததால், திரும்பக் கொண்டுவரும் வழி அங்கே நடக்காது. எண்ணெய் நீக்கும் தொட்டியையும் அமிலத் தொட்டியையும் அவ்வப்போது கொட்டித்தான் மாற்றுகிறோம்.

பெரிய கவலை குரோம் தொட்டி. அதில் இருப்பது குரோமியத்தின் ஒரு வகையான அறுவலு குரோமியம், புற்றுநோய் உண்டாக்கும் பொருள். கொடுக்கும் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட முலாமாவதில்லை. மிச்சத்தில் பெரும் பகுதி ஹைட்ரஜன் குமிழிகளாகி, வெடிக்கும்போது நச்சுத் துளிகளைக் காற்றில் தூக்கிவிடுகிறது. அந்த மூடுபனியை அடக்க முன்பு உலகெங்கும் பயன்பட்ட பிஎஃப்ஓஎஸ் என்ற பொருளே நிலைத்து நிற்கும் நஞ்சு என்று 2009-இல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தப் பட்டியலில் ஏறியது. அலசிய தண்ணீரையும் முதலில் அமிலமாக்கி, மெட்டாபைசல்பைட் என்ற உப்பைப் போட்டு, நச்சு குறைந்த வகையான மூவலு குரோமியமாக மாற்றிய பிறகுதான் படியவைக்க முடியும். இங்கே டிராக்-அவுட்டைக் குறைப்பது பாதி வழிதான். நேரான வழி, தொட்டியையே மூவலு குரோமியத்துக்கு மாற்றுவது. அலங்கார முலாமுக்கு அது நடைமுறையில் இருக்கிறது. நிறம் மட்டும் சற்று வேறுபடும். பழைய குரோமின் நீலம் கலந்த பளபளப்புக்குப் பழகிய வாடிக்கையாளர், ஒரே கதவில் பழைய கைப்பிடியும் புதிய கைப்பிடியும் வேறு நிறத்தில் தெரியுமே என்று கேட்கிறார். அந்தக் கேள்வியை அலட்சியப்படுத்த முடியாது. இப்போதைக்கு இரண்டு வகை மாதிரிகளையும் அவரிடம் கொடுத்திருக்கிறோம். முழுத் தொகுதியும் ஒரே கட்டடத்துக்குப் போகும் ஆர்டர்களில் நிறப் பிரச்சினை எழாது என்பதால், அவற்றை முதலில் மூவலுவில் செய்து பார்க்கலாம் என்று பேச்சு நடக்கிறது.